நிறைவாய்க்காரி

ஏரி கப்பலை விழுங்கிய மறுமாதம், மழை விட்டு, கோரைப்புதரில் கொக்குகள் திரும்ப வந்து உட்கார்ந்த ஒரு காலையில், கரையோரத்துக் கிழவன் கிழவிகளின் வாயில் பல் முளைத்திருந்தது. கீழ்வரிசையில், முன்னால், ஆறு பல். பிள்ளைப் பிராயத்தில் தட்டை இரும்பு வைத்து நெம்பி எடுக்கப்பட்டு, அன்றுமுதல் நாக்கு மட்டும் வந்து எட்டிப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த அந்த வெற்றிடத்தில், ஈறு வீங்காமல், சொட்டு ரத்தம் கசியாமல், வரிசையாக வந்து நின்றுகொண்டிருந்தது. வாய் கொப்பளிக்கப் போனவர்கள், தண்ணீர் வழக்கம்போல் இடைவெளி வழியே பீய்ச்சிக்கொண்டு போகாமல் தாடையில் வழிந்து மார்பை நனைத்ததைக் கண்டுதான் சங்கதியை அறிந்தார்கள்; அறிந்தபின் வாயை மூடிக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்கள், ஏனென்றால் அந்த மாதத்தில் அந்த ஊரில் எதைக் கண்டும் வாய்பிளக்க யாருக்கும் தெம்பில்லை.

ஆப்பிரிக்காவின் நடுவயிற்றில் கிடக்கும் அந்தப் பெரிய ஏரியைச் சுற்றி வாழ்ந்த ஒவ்வொரு ஜனமும் பல்லில் ஒரு வழக்கம் வைத்திருந்தது. வடகரைக்காரர்கள் மேல்பல்லை மீன்முள்போல ராவிக் கூராக்கிக்கொள்வார்கள். தெற்கே போனால் முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஆப்பு செருகுகிற அளவுக்கு வெட்டி வழி விடுவார்கள். கிழக்குக் கரைக்காரர்களோ கீழே ஆறையும் பிடுங்கி மண்ணில் புதைத்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், வாய் பூட்டிக்கொள்கிற நோய் வந்தால் கஞ்சி ஊற்ற வழி வேண்டாமா என்று சிலர் சொன்னார்கள். மற்றவர்கள், ஏரியில் முங்கிச் செத்தவனின் முகத்தை மீன் தின்றுவிடும், ஆனால் வாயைத் திறந்து பார்த்தால் நம்ம ஆள் என்று தெரிந்துவிடும், நம்ம ஆள் என்று தெரிந்தால் நம்ம மண்ணில் வைக்கலாம் என்று சொன்னார்கள். அந்த ஊரில் இந்த இரண்டாவது காரணம்தான் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. பிறகு மிஷன் பள்ளிக்கூடம் வந்தது. பாதிரிமார் அதைப் பாவம் என்றார்கள், ஜில்லா அதிகாரி அதைக் குற்றம் என்றார், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வாய் நிறையப் பல்லோடு வளர்ந்து பெரியவர்களானார்கள். அந்தப் பெரியவர்கள்தான் அக்கரையில் பந்தாட்டம் பார்க்கக் கப்பலேறினார்கள். ஏற்றக்கூடாத அளவுக்கு ஆளை ஏற்றிய கப்பல் கரை மறைவதற்கு முன்பே ஒருக்களித்துப் படுத்தது.

ஆகாயத்தாமரைக்கு நடுவே ஒதுங்கிய சடலங்களை ஊரார் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தபோது, பிறந்ததிலிருந்து ஒரு பல்லும் இழக்காத பிள்ளைகளின் கீழ்வாய் வெறுமையாக இருந்தது. ஈறு ஆறிப்போய், வழவழவென்று, பத்து வயதில் சடங்கு முடித்தவர்களைப்போல. முன்னோரின் முகத்தில் எப்படி முழிக்கப்போகிறான்களோ என்று இத்தனை காலம் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்த கிழவர்கள் அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒதுங்கியவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்களை ஏரி வைத்துக்கொண்டது.

கப்பலில் போன பிள்ளைகளுடைய பல்தான் இப்படி வந்திருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அடேரா. மீன் காயவைக்கும் பரண்களுக்குச் சொந்தக்காரி, குரல் பெருத்தவள், மகன் ஓவிட்டியைக் கப்பலுக்குக் கொடுத்தவள். சைக்கிள் கண்ணாடியைத் திருப்பி வைத்து வாயைப் பார்த்தாள். நடுவில் ஒரு பல் இன்னொன்றின் தோள்மேல் ஏறி நின்றது. ஓவிட்டி பிள்ளையாய் இருக்கும்போது அவள் எத்தனை தரம் விரலால் அழுத்தி நேராக்கப் பார்த்த பல். கண்ணாடியைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு, உள்ளே போய்த் தலையை மழித்துக்கொண்டு வந்தாள். அதன்பிறகு ஊரில் சட்டம் ஒன்றானது: பல் வந்த வீடு துக்க வீடு. உடல் வேண்டாம், சாட்சி வேண்டாம். பட்டணத்திலிருந்து சாவுக்கணக்கு எழுத வந்த அதிகாரியும் முதல் நாள் காகிதம் எங்கே, கையெழுத்து எங்கே என்று கத்திவிட்டு, இரண்டாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "வாயைத் திற, சரி, அடுத்த ஆள்" என்று சொல்லப் பழகிக்கொண்டார். கூட வந்த பல் டாக்டர் சின்னக் கண்ணாடியால் தட்டிப் பார்த்து, நல்ல ஆரோக்கியமான பற்கள் என்று சொல்லிவிட்டு, கொடுத்த ஜிலேபிக் கெண்டையை வாங்கிக்கொண்டு போனார்.

ஊர் அந்தப் பல்லோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டது. சந்து வழியே காற்று போய்த்தான் அந்த ஜனங்களின் பேச்சுக்கு ஒரு சீறல் உண்டு. அது அடைபட்டுப்போய், கிழடுகள் எல்லாம் பள்ளிக்கூட வாத்தியார்கள்போலத் திருத்தமாகப் பேசத் தொடங்கினார்கள், தங்கள் குரல் தங்களுக்கே பிடிக்காமல் பேச்சைக் குறைத்தார்கள். கரும்பென்றால் உயிரை விடுகிற பையனைப் பறிகொடுத்த ஒருத்தி, தனக்குக் கரும்பு ஆகாதென்றாலும், தினமும் ஒரு கணுவை அந்த ஆறு பல்லாலேயே கடித்துத் துப்பினாள், பல்லுக்கு ஏக்கம் வந்துவிடக்கூடாதென்று. கோயில் உபதேசியாராக இருந்த தன் மகனின் பல் வந்த ஒரு குடிகாரன் அந்த வாயால் கெட்ட வார்த்தை சொல்ல முடியாமல் தவித்தான், கடைசியில் குடியை விடாமல் பேச்சை விட்டான். சண்டை வந்தால் ஒருவரையொருவர் கடிப்பதில்லை. வாரத்துக்கு ஒரு நாள், பல் வந்தவர்கள் மட்டும் ஏரிக்கரையில் வட்டமாக உட்கார்ந்து, முறை வைத்துப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, சோளக்களியில் முதல் கவளத்தைத் தண்ணீரில் விட்டு, இரண்டாவதை அந்தப் பல்லால் மெல்வார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடப்படாத முங்கினவன் கரை தெரியாமல் சுற்றிக்கொண்டே இருப்பான் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கொபிலோவுக்கு மட்டும் பல் வரவில்லை. வர இடமில்லை.

அவள் மலைக்காரி. மலையில் பல்லைப் பிடுங்குவதுமில்லை, ராவுவதுமில்லை. அங்கே தண்ணீரே பல்லை மாற்றிவிடும், ஊற்றுத்தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல் தேயிலைச் சாயத்தில் தோய்த்ததுபோல் பழுப்பாக இருக்கும். மீன் விற்க மலைச்சந்தைக்குப் போகிறவனா நீ, பெண் வாங்கப் போனாயா என்று ஊர் கேட்க, அந்தப் பழுப்புச் சிரிப்பைக் கட்டிக்கொண்டு வந்தான் ஒபுரா. மருமகள் ஊர்க்காரி ஆகவேண்டுமானால் ஆறையும் கொடுக்கவேண்டும் என்று மாமியார் நின்றாள். ஒபுரா சிரித்துக்கொண்டே, "அவ பல்லைப் பாத்துத்தான் கட்டினேன், அதைப் புடுங்கிட்டு நான் எதைப் பாத்துக் குடும்பம் நடத்துறது" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு ஒட்டிய பெயர் நிறைவாய்க்காரி. ஒபுரா காய்ச்சலில் போனபோது அவள் பிள்ளைத்தாய்ச்சி. மலைக்கே போய்ப் பெற்று, பையனுக்குப் பால்பல் ஆடுகிறவரை அங்கே வைத்திருந்து, ஏரிக்காரன் பிள்ளை ஏரியைப் பார்த்துத்தான் வளரவேண்டும் என்று தன் புத்தியில் தோன்றியதை நம்பித் திரும்பி வந்தாள். ஒச்சோலா என்று பெயர் வைத்திருந்தாள். அப்பன் செத்தபின் பிறந்தவன் என்று அர்த்தம்.

ஒச்சோலாவை ஊருக்குப் பிடித்துப்போனது, அம்மாவைப் பிடிக்காததற்கும் சேர்த்து. கப்பலில் கலர் சோடா விற்கிறவன். ஓப்பனர் தொடமாட்டான், தலையை இடப்பக்கம் சாய்த்து, கீழ்ப்பல்லை மூடியின் விளிம்பில் கொடுத்து ஒரு சுண்டு சுண்டினால், மூடி பறந்துபோய் அவன் நினைத்த பெண்ணின் மடியில் விழும். கல்யாண வீடுகளில் பாட்டிலை நீட்டிக்கொண்டு அவன் முன்னால் வரிசையில் நிற்பார்கள். அப்படித் திறந்து திறந்து அந்தப் பல்லில் பிறைபோல ஒரு மூளி விழுந்திருந்தது.

கப்பல் போன அன்று அவன் அதில் இருந்தானா என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது. மேல்தட்டில் கையசைத்தான் என்றார்கள் சிலர். முந்தின நாள் அம்மாவிடம், தண்ணீர்மேல் பிழைத்தது போதும், பட்டணத்துக்குப் போகிறேன் என்று சண்டை போட்டது உண்மை. பஸ் நிற்கிற இடத்தில் பார்த்தேன் என்று சத்தியம் செய்தவர்களும் இருந்தார்கள். அவனுடைய கலர் பெட்டி படகுத்துறை டீக்கடையில் அப்படியே இருந்தது. டீக்கடைக்காரர் அதைக் கொண்டுவந்து கொபிலோவின் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "கவலைப்படாதம்மா, பஸ்ஸுலதான் போயிருப்பான்" என்றார். அன்றுமுதல் அவள் கடையைத் தாண்டும்போதெல்லாம், கிளாஸ் கழுவிக்கொண்டே, "என்ன, இன்னிக்கு பஸ்ஸுல வந்தானா" என்று கேட்பார். முதலில் அது ஆறுதலாக இருந்தது, பிறகு பழக்கமாக இருந்தது, பிறகு அவளுக்கு அந்தக் கிளாஸைப் பிடுங்கி உடைக்கவேண்டும்போல இருந்தது.

ஒரு வட்டத்தன்று அவளும் களி கிண்டி எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். உட்கார இடம் தேடினபோது வட்டத்தில் இருந்தவர்களின் முழங்கால்கள் ஒன்றோடொன்று நெருங்கிக்கொண்டன.

"எங்க வந்த?" என்றாள் அடேரா.

"எம் புள்ளைக்குப் போட வந்தேன், அக்கா."

"ஒனக்குத்தான் வரலையே. வராதவளுக்கு இங்க என்ன வேலை? ஒச்சோலா பட்டணத்துல எவளையோ வச்சிக்கிட்டு சுகமா இருக்கான். உசுரோட இருக்கறவன் பேரச் சொல்லித் தண்ணியில சோறு போடுறியே, பெத்தவதானா நீ?"

"எனக்கு வர எடமில்லக்கா. வாய் நெறைய இருக்கு, பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம், கல்யாணமாகி வந்த நாள்லருந்து."

யாரோ சிரித்தார்கள்; செத்த பிள்ளையின் பல் தெரியச் சிரித்தார்கள். கொபிலோ களியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அழக்கூட அவளுக்கு உரிமை கொடுக்கவில்லை, நம்பிக்கையைத் தலையில் கட்டி அனுப்பிவிட்டார்கள், கோயில் சொத்தைப் போல அதை அவள் தொடவும் கூடாது, கீழே வைக்கவும் கூடாது.

மறுநாள் காலை ரபேமோ வீட்டுக்குப் போனாள். ஊர்க் கிழடுகள் அத்தனை பேருக்கும் சின்ன வயதில் பல்லெடுத்தவர் அவர்தான். சட்டம் வந்தபின் சைக்கிள் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். கப்பலில் போன மகளின் சின்னச் சின்ன வெள்ளைப் பற்கள் அந்தப் பெரிய முகத்தில் இரவல் வாங்கியவைபோல இருந்தன.

"மாமா, எனக்கு ஆறையும் எடுத்து விடுங்க."

ரபேமோ டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறதென்று பார்த்துக்கொண்டே இருந்தார். "ஊரெல்லாம் பல்லு வருதேன்னு அழுவுது. நீ பல்லைக் குடுக்க வந்திருக்க. ஒம் மாமியா கேட்டப்பவே குடுத்திருந்தா எனக்கு ஒரு கோழியாவது கெடைச்சிருக்கும்."

"அப்ப அவரு இருந்தாரு."

"ஆமா, இருந்தான்." டியூபை வெளியே எடுத்தார். "யோசிச்சுப் பாரு மருமகளே. பல்லு வந்தா அழுவணும். வரலன்னா, இருந்தும் வராத புள்ளைய நெனச்சு அழுவணும். ரெண்டுலயும் லாபமில்ல. வாய எதுக்குக் கெடுத்துக்கற?"

"இப்பவும் அழுதுக்கிட்டுத்தான் இருக்கேன். எதுக்கு அழுவுறேன்னு தெரியாம அழுவுறேன், மாமா."

அவர் டியூபைக் கீழே வைத்தார். உள்ளே போய்க் கூரை ஓலைக்குள் கைவிட்டு, துணி சுற்றிய தட்டை இரும்பை எடுத்து வந்தார். துணி இற்றுப்போயிருந்தது, இரும்பு துருப்பிடிக்கவில்லை. கல்லில் தேய்த்து நெருப்பில் காட்டினார். அவளை மண்ணில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, "சட்டம் தெரியுமில்ல. சத்தம் வரக்கூடாது. சின்னப் புள்ளைங்களே அழாது. அழுதா அந்தப் பல்லை மண்ணு வாங்காது" என்றார்.

ஒபுரா பார்த்துக் கட்டிய பற்கள் ஒவ்வொன்றாகப் போயின. சின்னப் பிள்ளைக்கு வேர் இளசு. அவளுக்கு மலைப்பாறையில் இறங்கிய மரத்தின் வேர். இரும்பு எலும்பில் உரசுகிற சத்தம் காதுக்கு உள்ளிருந்து கேட்டது. அவள் ஏரிப்பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தாள், சத்தம் போடவில்லை. ஆறாவது வந்தபோது சத்தம் போட்டது ரபேமோதான், மகளின் பல்லால் தன் உதட்டையே கடித்துக்கொண்டு. பிறகு இருவரும் சேர்ந்து அவற்றை வாசலோரம் புதைத்தார்கள். அந்த ஊர் மண்ணில் அவள் பங்கென்று இருந்தது அவ்வளவுதான்.

ஊர் அப்போதுதான் அவளுக்குக் கதவு திறந்தது. அடேரா மீன்சாறு கொண்டுவந்து தன் கையால் ஊட்டினாள். "இப்பத்தான்டி நீ எங்க பொம்பள" என்று கன்னத்தைத் தட்டினாள். ஈறு ஆறினது. சந்து வழியே தண்ணீரைப் பீய்ச்ச அவளுக்கு வந்துவிட்டது, பேச்சில் அந்தப் பழைய சீறல் வந்துவிட்டது, ஊரில் வேறு எவருக்கும் இல்லாத சீறல். கிழவர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவள் பேசுவதைக் கேட்டார்கள். பரணில் மீன் பரத்த இடம் கொடுத்தார்கள். தினமும் விடிந்ததும் கண்ணைத் திறக்குமுன் அவள் நாக்கை அனுப்பிப் பார்ப்பாள். நாக்கு போய் வெறும் ஈற்றைத் தடவிவிட்டுத் திரும்பி வரும். பல் வராத ஒவ்வொரு காலையிலும் அவன் உயிரோடு இருந்தான். உயிரோடு இருந்துகொண்டு, பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாமல் இருந்தான். அப்படிப்பட்டவனை அவள் மத்தியானம்வரை திட்டுவாள், மத்தியானத்துக்குமேல் அவனுக்குப் பிடித்த குழம்பை வைப்பாள்.

சின்ன மீன் வரத்து அதிகமாக இருந்த ஒரு காலையில் நாக்கு போய் இடித்துக்கொண்டு நின்றது.

ஆறும் வந்திருந்தன. பழுப்பாக, தேயிலைச் சாயத்தில் தோய்த்ததுபோல. வலப்பக்கம் மூன்றாவதில் நாக்கின் நுனி போய் ஒரு பிறைக்குள் விழுந்தது. அவள் படுத்தபடியே அந்தப் பிறைக்குள் நாக்கை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள். பிறகு எழுந்து தலையை மழித்துக்கொண்டு கரைக்குப் போனாள்.

அடேரா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மற்றவர்களும் வந்து குனிந்து பார்த்தார்கள்.

"இது ஒம் பல்லுதான்டி" என்றாள் அடேரா. "சாயத்தைப் பாரு. மலைப்பல்லு. களை மாதிரி, புடுங்கினாலும் மொளச்சிருச்சு."

"அவனும் அந்தத் தண்ணி குடிச்சு வளந்தவன்தானக்கா. இந்த மூளியப் பாருங்க, பாட்டில் தொறந்த மூளி."

"எம் மூக்குலகூட மூளி இருக்கு. வயசானா எங்கதான் உடையாது?" அடேரா கையை எடுத்துவிட்டாள். இந்தமுறை குரலில் ஏளனம் இல்லை, அசதிதான் இருந்தது. "போ கொபிலோ. ஏரி ஒனக்குக் குடுக்கல. ஒம் மலை குடுத்திருக்கு. அவன் இருக்கான். எங்களுக்கு யாருக்கும் அப்படிச் சொல்ல நாதியில்ல, ஒனக்குச் சொல்றோம், வாங்கிக்கிட்டுப் போ."

கொபிலோ ரபேமோவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பல்லைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். "நீ மழிச்ச தலையோட போறதக் கண்டதும் பொதச்ச எடத்தைத் தோண்டிப் பாத்தேன், மருமகளே. எதுவுமில்ல. மண்ணு தின்னுச்சா, ஒன்கிட்டயே வந்துச்சா, எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

அவள் வீட்டுக்குப் போனாள். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்து, தூசி தட்டி, ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். சிவப்புக் கலர், அடியில் சர்க்கரை இறுகிக் கிடந்தது. வட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள். இந்த வயதுவரை அவள் பல்லால் ஒரு நூலைக்கூடக் கடித்து அறுத்ததில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். கணவன் பார்த்துக் கட்டிய பல் என்று அப்படிப் பொத்தி வைத்திருந்தவள். பாட்டிலைத் தூக்கினாள். தலை தானாக இடப்பக்கம் சாய்ந்தது. மூடியின் விளிம்பு பிறைக்குள் போய், பூட்டுக்குள் சாவி போல உட்கார்ந்தது. அவள் சுண்டவில்லை, அதுவாகச் சுண்டிக்கொண்டது. மூடி வெயிலில் ஒருமுறை மின்னி, உயரே போய், வளைந்து, அடேராவின் மடியில் விழுந்தது.

நுரை பொங்கி அவள் மணிக்கட்டில் வழிந்தது. அடேரா மடியிலிருந்த மூடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். தன் கல்யாண வயதுப் பெண்ணின் மடியில் இப்படி ஒன்று விழுந்த நாளில் பையனைத் துடைப்பத்தால் அடித்துத் துரத்தியவள் அவள். உள்ளங்கை மூடிக்கொண்டது. முதல் ஒப்பாரி அவளிடமிருந்துதான் கிளம்பியது. பிறகு வட்டம் முழுக்க, பிறகு பரண்களில், பிறகு படகுகளில், கோரைக்குள்ளிருந்த கொக்குகள் எழுந்து பறக்கிற அளவுக்கு, ஒச்சோலா, ஒபுராவின் மகன் ஒச்சோலா, வா கரைக்கு, ஒச்சோலா. முழங்கால்கள் விலகி இடம் விட்டன. அவள் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் களியில் முதல் கவளத்தை உருட்டி அவள் கையில் வைத்தாள், அவள் அதைத் தண்ணீரில் விட்டாள், அது கொஞ்சம் மிதந்துவிட்டு இறங்கியது. ஊரே அழுதது. கொபிலோவுக்கு மட்டும், இத்தனை மாதம் எதற்குக் காத்திருந்தாளோ அந்த அழுகை வரவில்லை. நாக்கை அந்தப் பிறைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்கு நடந்தாள். படகுத்துறையில் டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். சேதி அவருக்கும் வந்திருந்தது. அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு, கழுவிய கிளாஸையே மறுபடி கழுவினார்.

கொபிலோ கடைக்கு முன்னால் நின்றாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பட்டணத்து பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டு, திருப்பிக்கொண்டு போனது. அவர் நிமிர்ந்து பார்க்காமலே பெஞ்சைத் துடைத்துவிட்டார், வேண்டுமானால் அவள் உட்காரட்டும் என்று. அவள் உட்காரவில்லை. கேட்டாலும் கேட்பார் என்று இன்னும் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.